வெக்கை நாட்டில் கறுப்பு பீர்

கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பப். அங்கே ஒரு கறுப்பு பீர் விழா. வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் விழாவின் பெயரைவிட அழுத்தமாக வேறொரு வரி இருந்தது: 21 வயது நிறைந்த, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். உள்ளே கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய பட்டியலில் அன்றைக்கு எல்லாமே கறுப்பு பீர். போர்ட்டர், ஸ்டவுட், ஓட்ஸ் ஸ்டவுட், பால் ஸ்டவுட், இம்பீரியல் ஸ்டவுட், பீப்பாயில் ஊறிய ஸ்டவுட். கூட வந்த நண்பர் பட்டியலை மேலிருந்து கீழே படித்துவிட்டு, "என்னலா பங்காளி, இந்த வெக்கையில யாரு இதெல்லாம் குடிப்பா?" என்றார்.

நியாயமான கேள்விதான். இரவு எட்டு மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டுகிற ஊர் இது. கறுப்பு பீர் என்றாலே கணப்பு அடுப்பு, பனி, கம்பளிச் சட்டை என்றுதான் விளம்பரங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. ஆனால் இந்த மண்ணில் கறுப்பு பீர் நம் தாத்தா காலத்துச் சரக்கு. புதிதாக வந்திருப்பவை அதன் விலையும், அதன் வீரியமும், அதைத் தேடி வந்து குடிக்கிற ஆட்களும்தான். இந்த மூன்றும் எப்படி மாறின என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் அது மால்ட். இளஞ்சூட்டில் உலர்த்தினால் வெளிர் நிறம். அதே மணியைச் சுழலும் டிரம்மில் போட்டு 200 டிகிரிக்கு மேல் வறுத்தால் கரி நிறம். ஒரு ஸ்டவுட்டுக்குப் போடுகிற தானியத்தில் பத்தில் ஒரு பங்கு இப்படிக் கருக வறுத்ததாக இருந்தாலே போதும், அண்டா முழுக்கக் கறுத்துவிடும். மீதியெல்லாம் சாதாரண பீருக்குப் போடும் அதே வெளிர் மால்ட். நம்மூர் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பார்களே, அந்தக் கோப்பி ஓவின் கசப்பு பிடித்தவர்களுக்கு ஸ்டவுட்டின் வாசனை புதிதாக இருக்காது. பட்டியலில் 'சாக்லேட் மால்ட்' என்று பார்த்துச் சாக்லேட்டைத் தேட வேண்டாம். அது வறுவலின் ஒரு பதம், அவ்வளவுதான்.

இந்தக் கறுப்பு மால்ட் பிறந்த கதையில் வரிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் சுமைகூலிகள் விரும்பிக் குடித்த போர்ட்டர், பழுப்பு மால்ட்டில் வடித்தது. பிறகு திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி வந்தது. பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டில் சர்க்கரை அதிகம் இறங்குகிறது, செலவு குறைகிறது என்று ஆலைக்காரர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். ஆனால் நிறம் போய்விட்டது. காய்ச்சிய சர்க்கரைப் பாகு, வேறு என்னென்னவோ கலந்து நிறத்தைச் சரிக்கட்டப் பார்த்தார்கள். அப்போது பீருக்கு மட்டும் இல்லை, மால்ட்டுக்கும் வரி. வேறு பொருள் கலந்தால் அரசாங்கத்துக்கு நஷ்டம் இல்லையா? 1816இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அடுத்த வருஷமே, 1817இல், டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை எரிந்துவிடாமல் கறுக்க வறுக்கும் டிரம்முக்குக் காப்புரிமை வாங்கினார். மால்ட்டுக்கு மால்ட்டும் ஆச்சு, நிறத்துக்கு நிறமும் ஆச்சு. இன்றைக்கு நாம் குடிக்கும் கறுப்பு அங்கிருந்து வருவதுதான். முளைகட்டாத பார்லியை வறுத்துப் போட 1880வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் வரிச் சட்டம் மாறிய பிறகுதான்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. கறுப்பாக இருப்பதால் பீர் வீரியமானது என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். பப்பில் நுரை ததும்ப ஊற்றித் தரும் கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம். பொன்னிறமாக மின்னும் சாதாரண டின் லாகரில் 5 சதவீதம். டிராஃப்ட் கின்னஸ் வாயில் கனமாகத் தெரிவதற்குக் காரணம் அதில் ஏற்றும் நைட்ரஜன். அந்தக் குமிழிகள் மிகப் பொடியானவை, அதனால் பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர் இன்னும் வேடிக்கை. பார்க்கக் கோப்பி, குடிக்க லாகர்.

சரி, மலாயாவுக்கு வருவோம்.

டப்ளினின் கின்னஸ் ஆலை 1801லேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று தனியாக ஒரு போர்ட்டர் வடித்தது. கப்பலில் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தும் கெடாமல் இருக்க ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவையும் ஆல்கஹாலையும் கூட்டினார்கள். இன்றைய ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டுக்கு அதுதான் மூதாதை. அந்தக் காலத்தில் ஏற்றுமதிச் சரக்கை ஆலையே பாட்டிலில் அடைக்கவில்லை. பீப்பாயாக வாங்கிய தனி வியாபாரிகள் அடைத்து, அவரவர் சின்னத்தை ஒட்டி அனுப்பினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவன் கடைக்கு வந்து எதைக் காட்டிக் கேட்பான்? படத்தைத்தான். லண்டனின் ரீட் சகோதரர்கள் அனுப்பிய பாட்டிலில் நாய்த்தலை இருந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்கள் இன்றுவரை ஸ்டவுட்டை நாயின் பெயரிலேயே கேட்டு வாங்குகிறார்கள். ஹொக்கியன்காரர்களுக்குச் சிவப்பு நாக்கு நாய், கந்தோனியர்களுக்குக் கறுப்பு நாய்.

இங்கே விற்றது அவ்வளவு போல. 1962இல் நைஜீரியாவில் ஆலை கட்டிய கின்னஸ், 1965இல் சுங்கை வேயில் ஒன்றைத் தொடங்கியது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தினமும் பார்க்கிற அதே ஆலைதான். 1989இல் மலாயன் புருவரீஸோடு சேர்ந்து கின்னஸ் ஆங்கர் ஆனது, 2016இல் ஹைனெகென் மலேசியா என்று பெயர் மாறியது. எதிராளியான கார்ல்ஸ்பெர்க் ஷா ஆலாமில் 1972 முதல் வடிக்கிறது. அவர்களும் ஸ்டவுட்டை விட்டுவைக்கவில்லை, கானர்ஸ் அவர்களுடையது. பனியே பார்க்காத நாட்டில் இரண்டு பெரிய கம்பெனிகள் கறுப்பு பீருக்காக அடித்துக்கொள்கின்றன என்றால் என் நண்பரின் கேள்விக்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி இன்னும் சுவாரசியம். வெப்ப நாட்டு ஸ்டவுட் என்று உலக பீர் போட்டிகளின் நடுவர் கையேட்டில் தனி வகையே உண்டு. ஜமைக்காவின் டிராகன், இலங்கையின் லயன், நம் பக்கத்து ஏபிசி எல்லாம் அதில் வரும். ஐரிஷ் ஸ்டவுட்டின் வறண்ட கசப்பு இதில் இருக்காது. இனிப்பு கூடி, ரம் வாசனை லேசாக அடிக்கும். காரணம் ரசனை மட்டும் இல்லை. வெப்ப நாட்டு ஆலைகள் பெரும்பாலும் லாகர் வடிப்பதற்காகக் கட்டியவை. ஸ்டவுட்டுக்கென்று இன்னொரு ஈஸ்டை வளர்த்துப் பராமரிப்பது தொல்லை. இருக்கிற லாகர் ஈஸ்டையே போட்டு, கொஞ்சம் கூடுதல் சூட்டில் புளிக்க விட்டார்கள். அந்தச் சமாளிப்பே ஒரு ருசியாக நிலைத்துவிட்டது. லயன் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 8.8 சதவீதம். நுவரெலியாவில், மலையகத் தமிழர்கள் கொழுந்து பறிக்கும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பிறந்த பீர் அது. கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைச் சரக்கு, விழாப் பட்டியலில் இதற்கு இடம் கிடைப்பது அபூர்வம். பெரிய கம்பெனிச் சரக்கு என்ற இளக்காரம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று நான் குடித்த ஐரோப்பியச் சரக்குகளில் பாதி, லயனுக்குப் பக்கத்தில் நிற்காது.

தமிழர்கள் இந்தக் கதையில் எங்கே இருந்தார்கள்? தோட்டத்தில் கள், கம்பத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம். ஸ்டவுட் டவுன்காரனின் சரக்கு, செந்தூல் பட்டறையிலோ பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலோ மாதச் சம்பளம் வாங்குகிறவன் சீனன் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, பெரிய பாட்டிலை உடைத்து, ஐஸ் போட்டுக் குடிப்பது. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் அரசாங்க உரிமத்தோடு நடந்தன. சம்பளப் பணம் அங்கேயே திரும்பிப் போனதை நம் ஆட்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. போர் முடிந்த கையோடு கெடாவில் தொண்டர் படை கட்டி, 1947இல் கள்ளுக்கடை மறியல் நடத்தி, போலீஸ் அடியும் வாங்கினார்கள். அந்த வடு நம் வீடுகளில் இன்னும் ஆறவில்லை. ஒரு கிளாஸ் 40 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து எத்தியோப்பியக் கோப்பிக் கொட்டை போட்ட போர்ட்டர் குடித்தேன் என்று வீட்டில் சொன்னால், அம்மாவுக்கு அதுவும் சம்சுவும் ஒன்றுதான். வேதியியல்படி பார்த்தால் அவர் சொல்வதில் பிழையும் இல்லை, எத்தனால் எத்தனால்தான்.

ஸ்டவுட்டுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. மருந்து என்று சொல்லி அது வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. 1929இல் தொடங்கிய கின்னஸ் விளம்பரங்கள் 'உடம்புக்கு நல்லது' என்று பல்லாண்டு காலம் சொல்லிக்கொண்டிருந்தன. இங்கே சீன வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு ரத்தம் ஊற ஸ்டவுட் கொடுத்தார்கள். அதைப் பார்த்து நம்மவர்களிலும் சிலர் மருந்துச் சரக்கோடு ஒரு பாட்டிலைச் சேர்த்துக்கொண்டார்கள். இரும்புச் சத்து என்பது கட்டுக்கதை. ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், கின்னஸில் இருப்பது சுமார் 0.3 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 18 மில்லிகிராம். ஒரு பிடி முருங்கைக் கீரை இதைவிட உருப்படியான வேலை பார்க்கும். தாயின் ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் கிட்டத்தட்ட அதே அளவில் பாலுக்கும் போகும் என்பதால், பால் கொடுக்கிறவர்கள் இந்த மருந்தை விட்டுவிடுவதே நல்லது.

இனி விழாவுக்கு. இத்தனை பீர்களை ஏன் ஒரு பப்புக்குள் அடைத்து, நெரிசலில் நின்று குடிக்க வேண்டும், திறந்தவெளியில் நடத்தினால் என்ன என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். திறந்தவெளி அளவுக்கு இல்லாவிட்டாலும் பெரிய அளவில் ஒன்று நடந்ததுண்டு. 2012இல் தொடங்கிய பெட்டர் பீர் ஃபெஸ்டிவல், சிறு ஆலைச் சரக்குகளை இந்த நகரத்துக்குப் பழக்கியது. 2017 அக்டோபரில் பப்ளிகா அங்காடி வளாகத்தில் நடக்க இருந்த விழாவுக்கு பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி மறுத்தது. பாதுகாப்பு மிரட்டல் இருந்ததாகப் போலீஸும் சொன்னது. அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் குடிக்கும் வயதும் 18இலிருந்து 21க்கு ஏறியது. ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் பப், தன் நான்கு சுவருக்குள் குழாய்களை மாற்றி மாட்டி, 'இந்த வாரம் கறுப்பு' என்று பலகை எழுதிவைப்பதில் அந்தச் சிக்கல் குறைவு. சுவரொட்டியும் உள்ளேயோ வாசலிலோதான். அதனால்தான் இங்கே விழா என்றால் பெரும்பாலும் ஒரு கடை, ஒரு மாலை.

விலைக்கு வருவோம், அங்கேதான் கறுப்பு பீர்க்காரனுக்கு வயிறு எரிகிறது. 2016 பிப்ரவரி வரை பீருக்குக் கலால் வரி முதன்மையாக அளவைப் பார்த்துப் போட்டார்கள்: லிட்டருக்கு 7.40 வெள்ளி, அதோடு மதிப்பில் 15 சதவீதம். 4 சதவீத பீரானாலும் 10 சதவீத ஸ்டவுட்டானாலும் லிட்டருக்கு உள்ள பங்கு ஒன்றுதான். 2016 மார்ச் 1 முதல் கணக்கு மாறியது. பீருக்குள் இருக்கும் சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 175 வெள்ளி. 2025 நவம்பர் 1 முதல் அதையும் 10 சதவீதம் கூட்டிவிட்டார்கள், ஆக 192.50.

330 மில்லி டின்னை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத லாகரில் சுத்த ஆல்கஹால் 16.5 மில்லி, வரி 3.18 வெள்ளி. 10 சதவீத இம்பீரியல் ஸ்டவுட்டில் 33 மில்லி, வரி 6.35 வெள்ளி. 12 சதவீதமானால் 7.62. இது கலால் மட்டும். இதன்மேல் விற்பனை வரி, கப்பல் கூலி, குளிர்சாதனக் கிடங்கு, இறக்குமதியாளர் லாபம், பப் வாடகை, சேவை வரி எல்லாம் வந்து உட்காரும். கிராஃப்ட் வகையில் கணிசமானவை இறக்குமதி. உள்நாட்டில் உரிமமில்லாமல் வீட்டில் ஒரு வாளி வடித்தாலும் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். மற்ற நாடுகளில் சிறு ஆலைகள் யாரோ ஒருவரின் கார் கொட்டகையில் முளைத்து வளர்ந்தன. இங்கே அந்த நாற்றங்காலே கிடையாது.

இந்த வரிக்கணக்கைத் தெரிந்துகொண்டால் விழாவில் பார்க்கிற பல விஷயங்கள் விளங்கும். ஏன் இம்பீரியல் ஸ்டவுட்டை 100 மில்லி கிளாஸில் மட்டும் ஊற்றுகிறார்கள், ஏன் நான்கைந்து பேர் ஒரு பாட்டிலைப் பங்கு போடுகிறார்கள், ஏன் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல், எஞ்சினியர், ஐடி ஆட்களாக இருக்கிறார்கள் என்பதெல்லாம். சம்பளக்காரனின் ஸ்டவுட்டாக இருந்தது, நல்ல சம்பளக்காரனின் ஸ்டவுட்டாக ஆகிவிட்டது. 1816இல் லண்டன் வரிச் சட்டம் கறுப்பு பீரின் நிறத்தைத் தீர்மானித்தது. சரியாக 200 வருஷம் கழித்து மலேசிய வரிச் சட்டம் அதன் கிளாஸ் அளவைத் தீர்மானிக்கிறது. குடிகாரர்களைவிட வரிக்காரர்கள்தான் பீரை அதிகம் மாற்றியிருக்கிறார்கள் போலும்.

குடிக்கும் விதத்துக்கும் கொஞ்சம் யோசனை வேண்டும். இங்கே பீர் என்றால் பல் கூசும் குளிர் என்பது பழக்கம். ஸ்டவுட்டுக்கு அது ஆகாது. அதிகக் குளிரில் இனிப்பும் வாசனையும் அடங்கி, கருகல் கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 10 முதல் 13 டிகிரி சரியான சூடு. ஆங்கிலேயன் இதற்கு நிலவறை தேடுவான். நமக்கு வேலை மிச்சம், கிளாஸை மேசையில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினால் போதும். நண்பரின் வெக்கைப் புகார் இங்கே உதவிக்கு வந்துவிட்டது பாருங்கள்.

வரிசையும் முக்கியம். ஷ்வார்ட்ஸ்பியர் மாதிரி இலேசானதில் தொடங்கி, வறண்ட ஸ்டவுட், போர்ட்டர் என்று ஏறி, இனிப்பு வகைகளுக்குப் போய், கடைசியில் வீரியமானதைத் தொட வேண்டும். தலைகீழாகப் போனால் 11 சதவீதச் சரக்குக்குப் பிறகு போர்ட்டர் வெறும் தண்ணியாகத் தெரியும். பால் ஸ்டவுட்டில் உண்மையாகவே பால் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது, அதனால் இனிப்பு அப்படியே தங்கும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்கள் கவனிக்கட்டும். அப்புறம் இந்த இனிப்புப் பலகார வகை: தேங்காய், வெனிலா, குலா மெலாக்கா வெல்லம், கடலை வெண்ணெய் என்று போட்டுத் தாளிக்கிறார்கள். ஒரு வாய்க்கு நன்றாக இருக்கும். ஒரு கிளாஸ் முடிப்பது தண்டனை.

பீப்பாயில் ஊறியதன் பின்னாலும் ஒரு சட்டம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பூர்பன் விஸ்கியைப் புதிதாகச் செய்து உள்ளே கருக்கிய ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் பூர்பனுக்கு உதவாத பீப்பாய்கள் குவிந்தன. 1990களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை அவற்றில் இம்பீரியல் ஸ்டவுட்டை ஊற்றிவைத்தது. மரத்தில் இருந்த வெனிலா வாசனையும் விஸ்கியின் மிச்சமும் பீரில் இறங்கின. இன்று உலகம் முழுக்க அதைச் செய்கிறார்கள். அன்றைய பட்டியலில் விலை கூடியது அதுதான். கொடுத்த காசுக்குத் தகுந்தது என்று சொல்லக்கூடியதும் அது ஒன்றுதான்.

தொட்டுக்கொள்ள பப்காரர்கள் உருளைக்கிழங்கு பொரியலும் பன்றி இறைச்சியும் வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் வறண்ட ஸ்டவுட்டுக்கு மிளகு தூக்கலான ஆட்டுக்கறிப் பிரட்டல். அடிப்பிடிக்கிற பதத்தில் சுருள வதக்கும்போது கறியில் நடக்கும் அதே வேதிவினைதான் மால்ட்டை வறுக்கும்போதும் நடக்கிறது, அதனால் இரண்டும் ஒத்துப்போகும். சம்பலோடு மட்டும் இம்பீரியல் வேண்டாம். ஆல்கஹால் கூடக்கூட மிளகாய்க் காந்தல் கூடும்.

கடைசியாக ஒரு கணக்கு. சின்னக் கிளாஸ்தானே என்று ஏமாந்துவிடக் கூடாது. 9 சதவீதச் சரக்கு, 100 மில்லி வீதம் ஆறு கிளாஸ் என்றால் சுத்த ஆல்கஹால் 54 மில்லி. 320 மில்லி லாகர் டின்னில் இருப்பது 16. அதாவது மூன்று டின்னுக்கு மேல், அதுவும் சத்தமில்லாமல். 2020 அக்டோபர் முதல் வண்டி ஓட்டுகிறவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு, முன்பு 80. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. மேசையில் மிச்சத்தைக் கொட்ட ஒரு ஜாடி வைத்திருப்பார்கள். பிடிக்காததைத் தாராளமாகக் கொட்டுங்கள். கார் சாவியை வீட்டில் விட்டுவிட்டு எல்ஆர்டியில் வந்தவர்கள், கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால், பீப்பாய் ஸ்டவுட்டை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று தீர்மானிக்கச் சுலபம்.